பாசி வழித்தது நான், பேர் வாங்கியது மனுசி

ஒரு நீச்சல் தடாகத்தைப் பச்சையாக்க யாரும் ஒன்றுமே செய்யத் தேவையில்லை. கேற்றைப் பூட்டிவிட்டு விமானம் ஏறினால் போதும், மிச்சத்தை மன்னார் வெயில் பார்த்துக்கொள்ளும். அந்த வெயிலின் புண்ணியத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

நான் பேசாலையில் பிறந்தவன். நடக்கப் பழகின கையோடு கடலில் நீந்தப் பழகினவன். கட்டாரில் பணக்காரர் வீட்டுத் தடாகங்களைக் கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தால், வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் தீவு முழுக்க மாடிவீடு கட்டி, பின்வளவில் நீச்சல் தடாகமும் வெட்டி, வருசத்தில் ஒருமுறை வந்து குதித்துவிட்டு மற்ற நாளெல்லாம் அதைத் தவளைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மோட்டார் சைக்கிள், நீளத் தடியில் கட்டிய வலை, பிரஷ், குளோரின் வாளி. இவ்வளவோடு தொடங்கினேன். மன்னாரில் இந்த வேலைக்கு நான் ஒருவன்தான் என்ற நினைப்பில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் திரிந்தேன்.

பிறகு என் மனுசி றெஜினாவும் அதே தொழிலுக்கு வந்தாள். கட்டினவளோடு சேர்ந்து ஒரே வேலை பார்த்து, வாடிக்கைக்காரர் உங்களைத் தாண்டி அவளைப் பார்த்துச் சிரிக்கிறதைக் கண்டு வயிறெரிந்த சகோதரங்கள் யாராவது இருந்தால் கிட்ட வாருங்கள். உங்களுக்கு மட்டும்தான் இது விளங்கும்.

சாப்பாடு கொண்டு வந்தவள்

தாழ்வுபாட்டில் ஒரு லண்டன்காரரின் வீடு. அவர் குடும்பத்தோடு நத்தார்ப் பண்டிகைக்கு வர இருந்தார். தடாகத்தைப் பார்த்தால் கீரைக்கறி ஆக்கி ஊற்றி வைத்த மாதிரி இருந்தது. சருகை வாரி, சுவரையும் படியையும் உரஞ்சி, குளோரின் போட்டு, படிகாரம் கரைத்து ஊற்றினேன். அடுத்த நாள் அடியில் பதித்த கல் தெரிந்தது. அதற்கடுத்த நாள் போனால் மறுபடி பச்சை. திரும்பவும் உரஞ்சினேன். திரும்பவும் பச்சை. தண்ணீரைப் பில்டருக்குள்ளால் ஓட விடுகிற மோட்டரைக் கழற்றிப் பூட்டினேன், பில்டர் மணலைக் கழுவினேன், கடைசியில் குளோரின் விற்ற கடைக்காரனைத் திட்டினேன்.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டு வந்த றெஜினா, நான் சாப்பிடுமட்டும் அந்த வீட்டுக் காவல்காரர் அருளப்பு அண்ணையோடு நிழலில் குந்தியிருந்து கதைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய முழங்கால், மகள் கட்டின இடம், ராவில் நித்திரை வருகிறதோ இல்லையோ என்று எல்லாம். நித்திரை என்றதும் மனிதன் உடைந்து போனார். அவருடைய அறைச் சுவருக்கு மறுபக்கம்தானாம் மோட்டர். அந்த இரைச்சலில் கண் மூட முடியாமல், நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டதும் அதை நிற்பாட்டிவிட்டு, அடுத்த நாள் என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறபோது திரும்பப் போட்டு விடுவாராம். றெஜினா அவருடைய கட்டிலை முன்னறைக்கு மாற்றுவித்தாள். அவ்வளவுதான், தண்ணீர் நீலமாக நின்றது. லண்டன்காரருக்கு வீடியோவில் தடாகத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னபோது அவர் சொன்னார்: “அண்ணை, இவ்வளவு நாளும் நீங்கள் தண்ணியைத்தான் பாத்தனீங்கள். அக்கா வந்தோடன ஆளைப் பாத்திட்டா.”

தாரா

அதற்குப் பிறகு றெஜினா வீட்டில் இருக்க மாட்டேன் என்றுவிட்டாள். என் சைக்கிளின் பின்னால் தும்புத்தடியோடு ஏறிக்கொண்டாள். எனக்கும் உதவிதானே என்று சைக்கிளை எடுத்தேன்.

எருக்கலம்பிட்டியில் ஒரு ஹாஜியார் வீட்டுக்குப் போனோம். சவூதியில் இருக்கிற பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து குளிக்கக் கட்டின தடாகம். பிள்ளைகள் வராத காலத்தில் அது பாசிக் குட்டையாகி மணக்கத் தொடங்கியிருந்தது. பின்வளவில் வீட்டுப் பெண்கள் புழங்குகிற நேரம் என்பதால் ஹாஜியார் என்னை மரியாதையாக முன் விறாந்தையில் கதிரை போட்டு இருத்திவிட்டார். றெஜினா வலையையும் பிரஷையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் தேத்தண்ணீர் குடித்தேன். பிறகு இன்னொரு தேத்தண்ணீர். உள்ளே இருந்து பெண்கள் சிரிக்கிற சத்தம் வந்தது. றெஜினாவின் சிரிப்பும் கேட்டது. எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கட்டாரில் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கியவர்கள் எத்தனை பேர்! இங்கே நான் விருந்தாளி மாதிரி வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டு, உள்ளே குளோரின் எவ்வளவு போடுகிறாளோ என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

கதை என்னவென்றால், சின்ன மருமகள் மாமனாருக்குத் தெரியாமல் தாரா வாத்து வளர்க்கிறாள். காலையில் அவர் பள்ளிக்குத் தொழப் போனதும் தாராக்களைத் தடாகத்தில் நீந்த விடுகிறாள். அவற்றின் எச்சம் பாசிக்கு நல்ல பசளை, உரம் போட்ட மாதிரி. மருமகள் அதை றெஜினாவிடம் சொல்லி அழ, றெஜினா வளவின் மூலையில் தாராவுக்கு என்று ஒரு பழைய தொட்டியை வைப்பித்துவிட்டு, மாமனாரிடமும் தானே பேசிச் சமாளித்துவிட்டாள். வெளிக்கிடுகிற நேரம் ஹாஜியார் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: “மாஷா அல்லாஹ், நல்ல வேலை. அடுத்த முறை நீங்க அலைய வேணாம் தம்பி, தங்கச்சிய மட்டும் இறக்கி விட்டுட்டுப் போங்க.”

அரிப்புக்குத் தனியாக

அந்த ஒரு சொல் எனக்குள் கிடந்து அரித்தது. அரிப்பு என்கிற ஊரின் கடற்கரையில் ஜூட் என்ற பொடியன் புதிதாக விருந்தினர் விடுதி நடத்துகிறான். அவனுடைய தடாகத்தைப் பார்க்கச் சொல்லி அழைப்பு வந்தபோது நான் றெஜினாவிடம் சொல்லவில்லை. சைக்கிள் திருத்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விடியவே கிளம்பினேன். யாருடைய முழங்காலைப் பற்றியும் விசாரிக்காமல், தொழில் தெரிந்தவன் ஒருவன் எப்படி வேலை செய்வான் என்று காட்ட வேண்டும் என்பதே எண்ணம்.

பாசி ஒரேயடியாகச் சாக வேண்டும் என்று குளோரினுக்கு மேலே துருசும் போட்டேன், தோட்டக்காரர் பயிருக்கு அடிப்பார்களே, அந்த நீல உப்பு. கட்டாரில் கிள்ளிப் போடச் சொல்லித் தந்தது. நான் அள்ளிப் போட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. ஜூட் கை குலுக்கினான். அந்தக் கை குலுக்கலை வீடு வரைக்கும் கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் அங்கே தங்கியிருந்த ஒரு ஜேர்மன்காரப் பெண், சோளப்பொத்தி நூல் மாதிரி வெள்ளைத் தலைமயிர்க்காரி, காலையிலிருந்து பின்னேரம் வரை அந்தத் தண்ணீரிலேயே கிடந்திருக்கிறாள். காய்ந்த பிறகு பார்த்தால் மயிர் முழுக்கப் பச்சை. இளம்பச்சை என்று சொல்லவும் முடியாது, நல்ல வாழையிலைப் பச்சை. ஜூட் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மிகவும் அமைதியாகச் சொன்னான்: “அண்ணை, பாசியை எடுக்கச் சொன்னால் நீங்கள் இடம் மாத்தி விட்டிருக்கிறியள்.”

தேசிக்காய்

அரிப்பில் நடந்தது ஞாயிறு பூசை முடிகிற நேரம் எங்கள் மாதா கோயில் வாசலுக்கு வந்துவிட்டது. நாலு பேர் சிரித்தார்கள். றெஜினா சிரிக்கவில்லை. “சைக்கிள் திருத்தியாச்சோ?” என்று மட்டும் கேட்டாள். பிறகு சந்தைக்குப் போய் ஒரு பை தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், வாங்கி வந்து, “வெளிக்கிடுங்கோ, அரிப்புக்குப் போவம்” என்றாள்.

கோயிலின் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளில் பச்சையாகக் களிம்பு பிடித்தால் தேசிக்காயால் தேய்த்துக் கழுவுகிற பெண்களில் அவளும் ஒருத்தி. துருசில் இருக்கிறதும் செம்பு, இதுவும் அதே களிம்புதானே என்பது அவள் கணக்கு. அந்தப் பெண்ணைக் கதிரையில் இருத்தி, தேசிச்சாறு விட்டு, ஊற வைத்து, கழுவி, மறுபடி சாறு விட்டு, வெயில் சாயுமட்டும் மல்லுக்கட்டினாள். இருவருக்கும் பாசை தெரியாது. ஆனாலும் இடைவிடாமல் கதைத்தார்கள். நான் தடாகத் தண்ணீரைப் பாதி இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மயிர் பழைய நிறத்துக்குக் கிட்ட வந்தது. அவள் றெஜினாவைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தாள். தடாகத்து ஓரத்தில் கையில் பிரஷோடு றெஜினா நிற்கிற படம் ஒன்றும் எடுத்தாள். இரண்டையும் என் போன் நம்பரோடு இணையத்தில் போட்டுவிட்டாள். படத்தின் மூலையில் ஒரு முழங்கை தெரியும். அது என்னுடையது.

என் பிழையில் அவளுக்குப் புகழ்! அந்த நாளிலிருந்து என் போன் அடித்தபடி. எடுத்து “ஹலோ” என்றால் அந்தப் பக்கம் ஒரு ஏமாற்றம் கேட்கும். வங்காலையில் இருந்து ஒருவர் நேராகவே கேட்டார்: “இது றெஜினா அக்காட நம்பரெல்லோ, நீங்கள் ஏன் எடுக்கிறியள்?”

உயிலங்குளத்துத் தேத்தண்ணீர்

உயிலங்குளத்தில் வயலுக்கு நடுவே ஒரு வீடு. வாய்க்கால் தண்ணீரை மோட்டர் போட்டு இறைத்துத் தடாகத்தை நிரப்பியிருந்தார்கள். வயலுக்கு எறிந்த பசளை எல்லாம் அந்தத் தண்ணீரோடு வந்து சேர, பாசி பாய் மாதிரிப் படர்ந்து கிடந்தது. இந்த முறை காரணத்தைக் கண்டுபிடித்தது நான். யாரிடமும் கேட்கவில்லை, வாய்க்காலைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், விளங்கிவிட்டது. காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி, அந்தப் பாயைச் சுருட்டிச் சுருட்டிக் கரையில் எறிந்ததும் நான்தான். சோளகக் காற்றில் அது திரும்ப என் முகத்திலேயே வந்து அப்பியது. றெஜினா மேலே நின்று தடியால் வலையை இழுத்தாள். அவள் எப்போதும் கரையில் நின்றுதான் வேலை செய்வாள். அதை நான் அப்போது யோசித்துப் பார்த்ததில்லை.

வேலை முடிந்து, தலையிலிருந்து கால் வரை பச்சையாக நான் படியேறி வந்தேன். வீட்டுக்கார அம்மா றெஜினாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், அலுமாரியில் இருந்து நல்ல கோப்பையை எடுத்தபடி குசினிப் பக்கம் திரும்பிச் சொன்னார்: “வெளியில நிக்கிற டிரைவர் தம்பிக்கும் ஒரு பிளேன்டீ குடுங்கோ பிள்ளை.”

நீந்தத் தெரியுமா?

தலைமன்னாரில் ஒரு புதிய ஹோட்டல் திறக்க இருந்தார்கள். தடாகத்தைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும். கூப்பிட்டது றெஜினாவை. “போகட்டோ?” என்று அவள் என்னிடம் கேட்டாள். “உன்னைத்தானே கூப்பிட்டவங்கள், என்னட்ட ஏன் கேக்கிறாய்?” என்றேன். அதற்குப் பிறகு வீட்டில் சோறு பேச்சில்லாமல் வந்தது, கோப்பை பேச்சில்லாமல் போனது.

ஆனாலும் ஏற்றிக்கொண்டு போனது நான்தான். முகாமையாளர் கொழும்புக்காரர். படத்தில் பார்த்த முகத்தை நேரில் கண்டதில் அவருக்கு மெத்தச் சந்தோசம். எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியாகச் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டார்: “உங்களுக்கு நீந்தத் தெரியும்தானே? யாராவது உள்ளே விழுந்தா இறங்கணுமே.” றெஜினா தலையை ஆட்டினாள். தெரியாது. அவர் கொஞ்ச நேரம் பேனையை உருட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டார். பேசாலைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? அப்படியானால் என்னையே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

திரும்பி வருகிற வழியில் பேசாலை தாண்டுமட்டும் எனக்கு உள்ளுக்குள் பாட்டுத்தான். முகத்தைக் காட்டாமல் ஓட்டினேன். வழமையாக என் சேட்டுச் சட்டையைப் பிடித்திருக்கிற றெஜினாவின் கை இருக்கையின் கம்பியைப் பிடித்திருந்தது. பனைகளுக்குப் பக்கத்தில் சைக்கிளை நிற்பாட்டி, “என்ன?” என்றேன். அவள் அழவில்லை. கடல் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நானும் கடலுக்கு முன்னாலதான் பிறந்தனான். அண்ணன்மார் எல்லாரும் குதிச்சு விளையாட, பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு எண்டு சொல்லி, என்னைக் கரையில நிண்டு அவையின்ர சேட்டுகளைப் பிடிச்சுக்கொண்டு நிக்க விட்டவை. இப்ப உங்கட சேட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அவ்வளவுதான்.”

வங்காலையில் ஒரு பின்னேரம்

அடுத்த நாள் நான் முகாமையாளருக்குப் போன் எடுத்து, “திறக்கிறதுக்கு இன்னும் நாள் இருக்குத்தானே, அவவுக்கு நீந்தப் பழக்கிக் கூட்டிக்கொண்டு வாறன்” என்றேன். சொல்லிவிட்டு என் வாயை நானே நம்பவில்லை. நிரந்தர வேலை, நிழலில் நிற்கிற வேலை, என் கையில் வந்து விழுந்தது. எவ்வளவோ ஆசைப்பட்டேன். ஆனால் அவளைக் கரையில் விட்டுவிட்டு அதில் இறங்கினால் ஒருநாளும் என்னால் நிம்மதியாக நீந்த முடியாது என்று தெரிந்தது.

பழக்குவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். வங்காலையில் நாங்கள் துப்புரவாக்கி முடித்திருந்த ஒரு கனடாக்காரர் வீட்டுத் தடாகத்தைக் கேட்டோம். கேட்டது றெஜினாதான், நான் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. “நீங்கள் கழுவின தண்ணி அக்கா, நீங்களே முதல் இறங்குங்கோ” என்றாராம். என்னுடைய பழைய ரீசேட்டையும் ஒரு நீளக் காற்சட்டையையும் போட்டுக்கொண்டு வந்து படியில் நின்றாள். எத்தனையோ தடாகங்களைக் கழுவியவள், இடுப்பளவு தண்ணீருக்கு வந்ததும் என் கழுத்தை இறுக்கிக்கொண்டு “விட்டிடாதேங்கோ, விட்டிடாதேங்கோ” என்றாள். எல்லாரும் தேடுகிற றெஜினா அக்கா, ஒரு சின்னப் பிள்ளை மாதிரி என் கழுத்தில் தொங்கினாள். நான் விடவில்லை. கையைக் கீழே கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்தேன். காதுக்குள் தண்ணீர் போனதும் திமிறினாள். மூக்கால் தண்ணீர் குடித்தாள், இருமினாள், என்னை அடித்தாள், மறுபடி படுத்தாள்.

இப்படிப் பல பின்னேரங்கள் போயின. ஒருநாள் என் கை அவள் முதுகைத் தொடவில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். தண்ணீருக்கு மேலே கண்ணைத் திறந்தபடி, காற்றில் மெல்ல மெல்ல என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தாள். மற்றக் கரையில் தலை முட்டியபோதுதான் விளங்கி, படியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பும் கோபமும் ஒன்றாக இருந்தன. “இவ்வளவு காலமும் நீங்கள் மட்டும் இந்தச் சுகத்தைத் தனியக் கண்டுகொண்டிருந்திருக்கிறியள், எரியுது எனக்கு!”

அக்கா வரேல்லையோ?

றெஜினாவுக்கு அந்த வேலை கிடைத்தது. முகாமையாளருக்கு முன்னால் தடாகத்தின் நீளப்பாட்டில் நீந்திப் போய்த் திரும்பி வந்து காட்டினாள். நீந்துகிற முறை என்னுடையது. அப்படியே பேசாலை முறை. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது வீடுகளுக்கு நான் தனியாகத்தான் போகிறேன். கேற்றைத் திறந்ததும் எல்லாரும் முதலில் சைக்கிளின் பின் இருக்கையைத்தான் பார்ப்பார்கள். அவள் செய்கிற மாதிரி நானும் இப்போது வந்ததும் வலையைத் தூக்காமல், யாருக்காவது பக்கத்தில் குந்தியிருந்து, முழங்கால் எப்படி, மகள் எப்படி என்று விசாரித்துப் பார்க்கிறேன். முதலில் வாய் வராது, இப்போது ஓரளவுக்கு வருகிறது. போன கிழமை தாராபுரத்தில் ஒரு வீட்டில் அப்படி விசாரித்து, பில்டருக்குள் பிள்ளைகள் ஒளித்து வைத்த பந்துதான் தண்ணீரை ஓட விடாமல் அடைத்தது என்று கண்டுபிடித்தேன். எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. கைகளைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: “பரவாயில்ல அண்ணே, அக்கா நல்லாத்தான் பழக்கி விட்டிருக்கிறாங்க.”

மன்னார் தீவு முழுக்கத் தேடினாலும் இந்தத் தொழிலில் எனக்குப் போட்டிக்கு இருக்கிறது ஒருத்திதான், அவளையும் பின்னேரமானால் தலைமன்னாருக்குப் போய் நானே ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.